சுமையும் தர்க்கமும்: கம்பம் பள்ளத்தாக்கின் நடப்பியல் சினிமாவில் நடிகரின் பங்கு

தமிழ்ப் படப்பிடிப்புத் தளத்தில் திட்டமிடாமல் நிகழ்வதைப் பற்றி யோசிக்கும் எவரும் ஆனந்த் பாண்டியனைக் கடந்து போக முடியாது. 2015இல் வெளிவந்த அவருடைய 'ரீல் வேர்ல்ட்', தமிழ்த் திரைப்படங்கள் உருவாகும் இடங்களுக்கே சென்று, இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், படத்தொகுப்பாளர் ஆகியோரின் அருகிலிருந்து எழுதப்பட்ட மானிடவியல் நூல். அதற்கு முன்பே, 2009இல், கம்பம் பள்ளத்தாக்கின் பிறமலைக் கள்ளர் உழவர்களைப் பற்றி 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' எழுதியவர் அவர். பள்ளத்தாக்கின் உழவையும் கோடம்பாக்கத்தின் தொழிலையும் ஒருசேர நேரில் கண்ட ஆய்வாளர் இன்னொருவரை நான் அறியேன். அவரோடு முரண்படுவதால்தான் அவர் தந்ததை முதலில் முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாண்டியனின் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும். படைப்பு படைப்பாளியின் மனத்துக்குள் முன்கூட்டியே முழுமையடைந்து, பிறகு திரைக்கு மாற்றப்படும் பொருளன்று. ஒளி, காற்று, மழை, நிலத்தின் அமைப்பு, இயந்திரக் கோளாறு, நடிகரின் அன்றைய மனநிலை என்று படைப்பாளியின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளவற்றோடு நேரும் சந்திப்பில் அது பிறக்கிறது. நல்ல இயக்குநர் அந்தச் சந்திப்புக்குத் தன்னைத் திறந்து வைத்திருப்பவர். 2011இல் நிலக்காட்சிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையும் இதே திசையில்தான் செல்கிறது: திரையில் காணும் நிலம், படப்பிடிப்பு இடத்தில் படக்குழு அடைந்த உணர்வின் தடம். எல்லாவற்றையும் இயக்குநரின் மேதைமைக்கே எழுதிவைத்த பழைய விமர்சனத்திலிருந்து இது நம்மை விடுவித்தது. அந்தக் கடன் பெரியது.

ஆனால் இந்தப் பார்வையில் ஒரு கணக்கு விடுபடுகிறது. தற்செயலுக்குத் திறந்திருப்பவர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்பவராகவே இருக்கிறார். கேமராவுக்கு முன்னால் நிற்பவர் மழையோடும் வெயிலோடும் சேர்த்து, இயக்குநருக்கு 'நேர்கிற' ஒன்றாகிவிடுகிறார். மலைச்சரிவில் மூட்டையோடு இறங்கும் ஒருவரின் நடை படத்தில் அழகாக அமைந்தால் அது இயக்குநருக்குக் கிடைத்த பேறாகப் படுகிறது. அந்த நடை முப்பது ஆண்டு உழைப்பில் ஓர் உடல் சேர்த்து வைத்த திறன் என்பது பின்னுக்குப் போகிறது. என் மறுப்பு இந்த ஓர் இடத்தில்தான். தேனி மாவட்டத்தைச் சார்ந்து வளர்ந்த நடப்பியல் சினிமாவில் ஒத்திகையின்றி வந்ததாகத் தோன்றுவதில் பெரும்பகுதி தற்செயல் அல்ல. நடிப்பவர் முன்பே ஈட்டி வைத்திருந்தது. இந்தப் பட வரிசையின் வரலாறு, சொல்லும் அசைவும் யாருடைய உடலிலிருந்து வருகின்றன என்பதன் வரலாறு.

நிலமே படத்தை எழுதுகிறது என்ற வாதத்துக்கு முதல் இடையூறு பாரதிராஜாவிடமிருந்தே வருகிறது. அல்லிநகரத்தில் பிறந்தவர். 1977இல் '16 வயதினிலே'வைக் கொண்டு வந்து தமிழ்க் கிராமத்தை ஸ்டுடியோ அரங்கிலிருந்து வெளியே எடுத்தவர் என்று எல்லா வரலாறுகளும் சொல்கின்றன. ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்டது கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கம். 1985இன் 'முதல் மரியாதை'க்கும் காவிரிக் கரையின் கர்நாடகப் பகுதியே களமானது. தேனிக்காரர்கள் தங்கள் ஊர் என்று கண்டுகொண்ட அந்தக் கிராமம் தேனி மண்ணில் இல்லை. அது இயக்குநரின் நினைவில் இருந்தது. அங்கிருந்து நடிகர்களின் உடலுக்கு அவர் அதை மாற்றிய வழி எல்லோரும் அறிந்தது: ஒவ்வொரு காட்சியையும் தானே நடித்துக் காட்டுவார். தலை சாய்ப்பு, முந்தானை இழுப்பு, பேச்சின் ஏற்ற இறக்கம் எல்லாம் முதலில் அவர் உடலில் நிகழும். பிறகு நடிகரின் உடலில்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வளையல் கடையில் இருந்த பாண்டியன் என்ற இளைஞரை (மேலே சொன்ன ஆய்வாளர் அல்லர்) 1983இல் 'மண்வாசனை'யின் நாயகனாக்க முடிந்தது இந்த முறையால்தான். நடிப்பறியாத இளைஞர் ஒருவருக்குத் தேவையான அனைத்தையும் இயக்குநரின் உடல் தந்தது. ஆனால் இந்த முறையில் நடிகர் கொடுப்பவரல்லர், பெறுபவர். குரலும் அப்படியே. அக்காலப் படங்களில் தளத்தில் பேசியது பெரும்பாலும் வழிகாட்டி ஒலி மட்டும். திரையில் கேட்பது பிறகு டப்பிங் கூடத்தில் பதிந்தது. 'முதல் மரியாதை'யில் ராதாவின் உடலுக்கு ராதிகாவின் குரல். ஒரே பாத்திரத்தின் அசைவும் பேச்சும் இரண்டு பேரிடமிருந்து வந்து இயக்குநரின் நினைவில் ஒன்றாகின்றன. தளத்தில் ஒரு நடிகர் தன் போக்கில் ஒரு சொல்லை மாற்றியிருந்தால்கூட அது பதிவில் நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே 1977இலிருந்து தொடங்கும் காலத்தை 'வெளிப்புறப் படப்பிடிப்பின் காலம்' என்று சொல்லலாம். நடிகரோடு சேர்ந்து உருவாக்கும் காலம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் இப்பகுதிக்கு முன்னேற்பாடின்றிச் சொல்லெடுக்கும் மரபே இல்லையா? இருக்கிறது, சினிமாவை விட வயது கூடியது. மதுரை வட்டாரம் முழுக்கத் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைச் சொல்கிறேன். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை போன்ற ஊர்களின் நடிகர் சங்கங்களிலிருந்து ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நாரதர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி முன்பணம் கொடுத்துவிடுவார்கள். குழு என்று ஒன்றில்லை, இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. அன்றிரவு மேடைக்குப் பின்னால்தான் பலரும் சந்திப்பார்கள். பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை 'வள்ளி திருமணம்' நடக்கும். சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூல் இந்த அமைப்பை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

இதில் நான் நின்று பார்க்க விரும்புவது தர்க்கம். தினைப்புனத்தில் வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் சொற்போர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தந்த பிரதியில் பாடல்கள் இருக்கின்றன, நிகழ்வுகளின் வரிசை இருக்கிறது. மேடையில் தர்க்கம் அச்சுப் பக்கங்களின் அளவைப் பல மடங்கு தாண்டி ஓடும். புராணம், சாத்திரம், உள்ளூர் நடப்பு, விடுகதை என்று எங்கிருந்தும் கேள்வி வரலாம். எதிரில் நிற்பவர் முன்பின் அறியாதவராக இருக்கலாம். பதில் சொல்லத் தவறினால் கூட்டத்துக்கு முன் தோற்பார். இது தற்செயலா? ஒரு ஸ்திரீபார்ட் நடிகையிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். பல்லாண்டு கேட்டும் படித்தும் தோற்றும் சேர்த்த சரக்கு அது. எந்த நேரத்தில் எதை எடுப்பது என்பது மட்டும்தான் அந்த இரவில் முடிவாகிறது. எடுப்பதற்கு ஒன்று முன்பே இருந்தாக வேண்டும்.

ஆனந்த் பாண்டியன் காட்டும் திறந்த மனத்துக்கும் தர்க்கத்துக்கும் இடையிலான வேறுபாடு எனக்கு அடிப்படையானது. முன்னதில் எதிர்பாராதது வெளியிலிருந்து வருகிறது, கலைஞர் அதை ஏற்றுக்கொள்கிறார். பின்னதில் எதிர்பாராதது கலைஞரிடமிருந்து வருகிறது. தர்க்க மேடையிலிருந்து நேராகத் திரைக்கு ஒரு கோடு இழுக்க முடியுமா என்றால், சான்று மெலிந்தே இருக்கிறது. ஆயினும் இரவு முழுக்க இதைக் கேட்டு வளர்ந்த ஊர்களில், ஒரு சூழலைச் சொல்லிவிட்டு "நீங்களே பேசுங்க" என்று விட்டால் மக்கள் தடுமாறாமல் பேசுவது ஏன் என்பதற்கு, நிலத்தின் மாயத்தை விட இந்தப் பயிற்சி நல்ல விளக்கம்.

உலக சினிமாவிலும் இரண்டு வழிகளும் தனித்தனியே தெரிகின்றன. 1948இல் வந்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் டி சிக்கா ஓர் ஆலைத் தொழிலாளியை நாயகனாக்கினார். முகமும் நடையும் அவருடையவை. சொல் எழுதித் தரப்பட்டது. அதே ஆண்டு விஸ்கோந்தி சிசிலித் தீவின் ஆச்சி த்ரெத்சா மீனவர்களை வைத்து 'லா தெர்ரா த்ரேமா' எடுத்தபோது, சூழலைச் சொல்லி, இப்படி நேர்ந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு, அவர்கள் தம் வட்டார மொழியில் சொன்னதையே வசனமாக்கினார். மற்ற இத்தாலியர்களுக்கே புரியாத பேச்சு என்பதால் விளக்கக் குரல் சேர்க்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் மைக் லீ மாதக் கணக்கில் நடிகர்களோடு பாத்திரங்களை வளர்த்து, கேமரா வருமுன் எல்லாவற்றையும் உறுதி செய்துவிடுவார். அவரிடம் தளத்தில் தற்செயலுக்கு இடம் குறைவு, நடிகரின் பங்கோ மிகப் பெரிது. தற்செயலும் நடிகர் பங்கும் ஒன்றல்ல என்பதற்கு மைக் லீ ஒருவரே போதும்.

தமிழில் நடிகர் பெறுபவர் நிலையிலிருந்து கொடுப்பவராகும் மாற்றத்தைத் தொடங்கி வைத்தது எது? 1977இலேயே ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். தெருக்கூத்தின் உடலையும் நவீன நாடகப் பயிற்சியையும் இணைத்த அந்த இடம், இயக்குநர் நடித்துக் காட்டாவிட்டாலும் தன்னிடமிருந்து எடுத்துத் தரக்கூடிய நடிகர்களை உருவாக்கியது. பசுபதி அங்கிருந்து வந்தவர். விஜய் சேதுபதி அங்கே கணக்கராக வேலை பார்த்தவர். 1988இல் பாலு மகேந்திராவின் 'வீடு' இன்னொரு வழியைக் காட்டியது: பழைய நாடக மேடையிலிருந்து வந்த முதியவர் சொக்கலிங்க பாகவதரின் தளர்ந்த நடையையும் மூச்சையும் அப்படியே ஏற்று, அவருடைய வேகத்துக்குக் காட்சியின் வேகத்தை இணங்க வைத்தார்.

2004இன் 'விருமாண்டி'யை இங்கே தனித்துச் சொல்ல வேண்டும். தேனி, மதுரைச் சீமையின் கதை. தளத்திலேயே நேரடி ஒலிப்பதிவு. உடலையும் குரலையும் பிரித்து வைத்த வழக்கத்தை அது உடைத்தது. நாட்டுப்புறப் பாடகர் பெரிய கருப்புத் தேவர் தம் குரலோடும் முகத்தோடும் படத்துக்குள் வந்தார். ஆனால் ஊரின் பெரும்பகுதி சென்னை கேம்பகோலா மைதானத்தில் போட்ட அரங்கு. பாண்டியனின் வாதப்படி நிலத்தைச் சந்திக்காத ஒரு படம் இது. பேச்சிலும் சடங்கிலும் சண்டையிலும் அதில் உள்ள உயிர்ப்பை யாரும் மறுப்பதில்லை. நிலம் இல்லாமலே அது வந்ததென்றால், அங்கே நின்றவர்கள் கொண்டுவந்தது என்றுதானே கொள்ள வேண்டும்?

அதன் பிறகு சினிமா உண்மையாகவே மலையடிவாரத்துக்கு வந்தது. 2010இல் குரங்கணிப் பக்கம் 'மைனா'. அதே ஆண்டு தேனியைக் களமாகக் கொண்ட 'தென்மேற்குப் பருவக்காற்று'. 2011இல் பாஸ்கர் சக்தியின் கதையில் 'அழகர்சாமியின் குதிரை'. இவற்றில் எந்தப் படத்தில் உள்ளூர்க்காரரின் சொந்தச் சொல் முதன்முதலில் வசனத்தை இடம்பெயர்த்தது என்று ஓர் ஆண்டைக் குறிக்க நான் துணியமாட்டேன். துணை நடிகராக ஊர்க்காரர்களை நிறுத்துவது முன்பே வழக்கம். நிறுத்துவதிலிருந்து கேட்பதற்கு மாறியது படிப்படியாக, ஒரே படத்துக்குள்ளேயே காட்சிக்குக் காட்சி வேறுபட்டு நடந்திருக்கிறது.

இனி இந்தக் கட்டுரையின் முதன்மைச் சான்று: லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, 2018 ஆகஸ்டில் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இசை, தேனி மாவட்டத்துத் தேவாரத்துக்குப் பக்கத்து ஊரான பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. நடித்தவர்களில் பெரும்பாலோர் அப்பகுதி மக்கள். படம் முடிந்து நெடுநாள் காத்திருந்தே திரைக்கு வந்தது. ஆதலால் 2018 என்பது வெளியீட்டின் ஆண்டே தவிர, அதன் செய்முறைக்கான ஆண்டன்று. இதற்குப் பின் வந்த படங்களோடு ஒப்பிடும்போது யார் முந்தி என்ற கேள்வியில் இதை மறந்துவிடக் கூடாது.

கதை நடக்கும் மலையை வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வாகனம் போகும் பெரிய வழிகள் மூன்று: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. இவற்றுக்கு இடையே நடைபாதைகள் உண்டு. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்கு ஏறுவது அவற்றில் ஒன்று. அதைச் சாலையாக்க வேண்டும் என்பது இப்பகுதியின் நீண்டநாள் கோரிக்கை. சாலை இல்லாத இடத்தில் மூட்டை தலையிலும் முதுகிலும்தான் இறங்கும். படத்தின் நாயகன் ரங்கசாமி அப்படிச் சுமை இறக்கும் நிலமற்ற தொழிலாளி. ஒரு துண்டு நிலம் வாங்குவது அவன் கனவு.

படத்தின் முற்பகுதியில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். விடியுமுன் எழுவது, ஏறுவது, வழியில் எதிர்ப்படுபவரோடு நின்று பேசுவது, சுமையோடு இறங்குவது. என் வாதம் முழுக்க இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. மூட்டையோடு ஏறுபவருக்கு மூச்சு சோதனை. இறங்குபவருக்கு முழங்கால் சோதனை. உடலின் பாரமும் மூட்டையின் பாரமும் சேர்ந்து முன்னால் தள்ளும். பழகாதவர் எட்டு வைத்துத் தடுக்கப் பார்ப்பார், சறுக்குவார். பழகியவர் காலடியைக் குறுக்கி, முழங்காலைச் சற்று மடக்கியே வைத்து, பாதம் முழுவதும் பதிந்த பிறகே அடுத்த அடிக்குப் போவார். கழுத்து அசையாது. கண் இரண்டு மூன்று அடி தள்ளியே இருக்கும். பேசும்போதும் முகம் திரும்பாது. பேச்சு மூச்சுக்கு இடையில் துண்டு துண்டாக வரும், வாக்கியம் பாதியில் நின்று இரண்டடி கழித்துத் தொடரும். இந்தத் துண்டுபட்ட பேச்சை எழுதும் மேசையில் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பாறையின் உயரம்.

பாறையின் உயரம் தீர்மானிக்கிறது என்றால் அது நிலத்தின் பங்குதானே, பாண்டியன் சொல்வதும் அதைத்தானே என்று கேட்கலாம். இல்லை. அதே பாறையில் சுமை தூக்கிப் பழகாத ஒருவரை நிறுத்தினால் வருவது வேறு பேச்சு; அல்லது பேச்சே வராது. நிலம் கேள்வி போடுகிறது; உடல் தர்க்கம் செய்கிறது.

எனக்கு எதிராகவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரங்கசாமியாக வரும் ஆண்டனியும், ஈஸ்வரியாக வரும் காயத்ரி கிருஷ்ணாவும் தொழில்முறை நடிகர்கள். தொழிற்சங்கத் தலைவர் சாக்கோவாக வரும் அபு வளையங்குளமும் அப்படியே. உழைப்பாளியின் உடலே படத்தை எழுதியது என்று நான் சொன்னால், நாயகனின் உடல் உழைப்பாளியினுடையதன்று என்ற பதில் உடனே வரும். ஆனால் திரையை மறுபடி பாருங்கள். கூட்டமாக நடக்கும் காட்சிகளில் நாயகனின் நடையும் அவருக்கு முன்னும் பின்னும் போகும் மலைக்காரர்களின் நடையும் ஒரே சீரில் இருக்கின்றன. பாரதிராஜா தளத்தில் இயக்குநரின் உடல் ஆசிரியராக இருந்தது. இங்கே ஆசிரியர் பக்கத்தில் நடப்பவர். கற்றுக்கொண்ட நடை என்பதாலேயே, கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பது உறுதியாகிறது. அவர்களுடைய பங்கை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?

இன்னொரு காட்சி இதை வேறு பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறது. ரங்கசாமியின் ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறும் இடம். பார்வையாளருக்கு முழு விபத்தாகவே தோன்றும். ஆனால் படத்திலேயே தற்செயலுக்கு விட முடியாத காட்சி இதுதான். மூட்டை ஒருமுறை பிரிந்தால் மறுபடி கட்ட வேண்டும். கேமராவின் இடம், உருளும் வழி, ஆட்களின் பாதுகாப்பு என்று அனைத்தும் முன்பே கணக்கிடப்பட்டாக வேண்டும். விபத்து போலத் தோன்றுவது திட்டம். எதுவுமே நடக்காதது போலத் தோன்றும் இறக்கத்தில்தான் எழுதப்படாதது இருக்கிறது. தற்செயலைத் தேடிப் போகும் வாசிப்பு மூட்டை உருளும்போது விழித்துக்கொள்ளும். மூட்டை தலையில் இருக்கும்வரை அதற்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், உசிலம்பட்டி வட்டாரத்தில் எடுக்கப்பட்ட மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022) இந்த வழியில் இன்னும் ஓரடி போனது. நாயகன் மாயாண்டியாக நடித்த நல்லாண்டி எண்பதைக் கடந்த உண்மையான உழவர். மயில்களைக் கொன்றதாகப் பொய் வழக்கில் நீதிமன்றத்தில் நிற்கும்போது, அவர் கவலையெல்லாம் தண்ணீர் பாய்ச்சாமல் வாடும் பயிரைப் பற்றி. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பயிரைச் சொல்லும் அந்த அழுத்தமற்ற குரலில், கேட்பவரை உருக வைக்க வேண்டும் என்ற முனைப்பு துளியும் இல்லை. வசனம் முன்பே எழுதப்பட்டதாகவே இருக்கட்டும். சொல்லும் முறையை யாரும் அவருக்கு நடித்துக் காட்டியிருக்க முடியாது. படம் வெளியாகுமுன்பே நல்லாண்டி காலமானார். தேசிய விருதுக் குழு அவர் நடிப்பைச் சிறப்பாகக் குறிப்பிட்டது.

பாண்டியனின் நூல் இவ்விரு படங்களுக்கும் முந்தியது. இவற்றை அவர் பேசவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' எழுதியவர் உழவின் பயிற்சி எப்படி ஒரு மனிதரின் குணத்தையே வடிக்கிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டியவர். அந்த உழவரைக் கேமராவுக்கு முன் நிறுத்தியதும் அந்தப் பயிற்சி ஏன் கணக்கிலிருந்து மறைய வேண்டும்? அவருடைய இரண்டு நூல்களையும் ஒன்றாக வைத்துப் படித்திருந்தால் என் மறுப்பில் பாதி தேவைப்பட்டிருக்காது. முதல் நூலின் வெளிச்சத்தில் இரண்டாவதைத் திருத்துவதே இங்கு நான் செய்திருப்பது.

தீராமல் நிற்பவை இரண்டு. ஒன்று, தர்க்க மேடைக்கும் திரைக்கும் இடையிலான தொடர்பு. இப்பகுதியில் எடுக்கப்பட்ட படங்களில் சிறு வேடங்களில் வந்தவர்களுள் ஸ்பெஷல் நாடகப் பழக்கம் உள்ளவர்கள் யார் என்று சங்கங்களின் உறுப்பினர் ஏடுகளோடு ஒப்பிட்டால் இது அனுமானத்திலிருந்து மேலே வரும், அல்லது விழும். மற்றொன்று குரல். திரையில் பேசும் ஊர்க்காரர்களில் தம் குரலிலேயே பேசியவர்கள் எவர், டப்பிங்கில் வேறு குரல் பெற்றவர்கள் எவர் என்ற பட்டியலைப் படத்துக்குப் படம் எடுக்க வேண்டும். 1977 முதலான படங்களுக்கு அது டப்பிங் கலைஞர்களின் நினைவை நம்பியிருக்கிறது; அவர்களில் மூத்தவர்களிடம் இப்போதே கேட்க வேண்டும். 2010க்குப் பிந்தைய படங்களுக்கு ஒலிப்பதிவுக் கோப்புகள் இருக்கக்கூடும். அவை கிடைத்தால், இறக்கத்தில் துண்டுபட்டு வரும் அந்தப் பேச்சு மலைப்பாதையில் பதிந்ததா, அறைக்குள் மீண்டும் மூச்சு வாங்கிச் சொன்னதா என்பது தெரியும். அறைக்குள் சொன்னது என்று தெரிந்தால், மேலே இறக்கத்தைப் பற்றி எழுதியதில் நடைக்கு உரியது நிற்கும். பேச்சுக்கு உரியதை நான் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.